தலைப்பில்லை, 3/10

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். பாதி நேரம் குனிந்தபடியே இருந்தேன். படங்கள் சரியான உயரத்தில்தான் இருந்தன. அவற்றின் விவரச் சீட்டுகளைத்தான் யாரோ முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே ஒட்டி வைத்திருந்தார்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை அட்டை, அதில் வெளிர் சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்ந்தது போல ஆங்கில எழுத்து. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் செல்போன் டார்ச்சைப் போட்டு, இடுப்பில் கை வைத்துக் குனிந்து படித்தார். இரண்டு படங்களுக்கு அப்படிச் செய்தார். மூன்றாவதிலிருந்து சீட்டை விட்டுவிட்டார். ஆறாவதிலிருந்து படத்தையும் விட்டுவிட்டார். வாசல் மேசையில் இருந்த பதிவேட்டில் ஏதோ எழுதிவிட்டு வெளியே போனார்.

நான் பையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்து அளந்தேன். தரையிலிருந்து 26 அங்குலம். கண்காட்சிக்கு இஞ்சு டேப் கொண்டுபோகிற ஆளாகிவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

2019 வரை நான் இப்படி இல்லை. என் வேலை எட்சிங். துத்தநாகத் தகட்டில் மெழுகு பூசி, அதில் கோடு கீறி, அமிலத்தில் போட்டு, மை தடவி, அழுத்தி அச்செடுப்பது. அச்சைச் சட்டம் போட்டுக் கொடுத்ததோடு என் பொறுப்பு முடிந்துவிடும். யார் மாட்டுகிறார்கள், எந்த உயரத்தில், எதற்குப் பக்கத்தில் என்பதெல்லாம் வேறு யாரோ கவலைப்பட வேண்டிய விஷயம். அந்த வருடம் ஒரு குழுக் கண்காட்சியைத் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஏழு கலைஞர்கள், 23 படைப்புகள், சென்னையில் வாடகைக்கு எடுத்த ஒரு கூடம், பத்து நாள். கண்காட்சிக்கு வைத்த தலைப்பை இங்கே சொல்லப்போவதில்லை. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

வேலைக்கு என்ன பெயர் என்பதிலேயே முதல் சிக்கல். வீட்டில் கியூரேட்டர் என்றேன். "சேப்பாக்கத்துல பிட்ச் போடுறவரா?" என்றார் மாமா. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பவர்களைக் காப்பாட்சியர் என்று சொல்வார்கள். அது அரசாங்கப் பதவி, பத்து நாள் வாடகைக் கூடத்துக்குப் பொருந்தாது. சரி என்று அழைப்பிதழில் 'தொகுப்பாளர்' என்று போட்டேன். ஊரிலிருந்து மூன்று பேர் போன் செய்து எந்த சேனல் என்று கேட்டார்கள்.

எல்லாம் கொலு வைப்பது மாதிரிதானே என்று இன்னொருவர் சமாதானம் சொன்னார். எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது சுவர்தான்.

அப்பா சுவரெழுத்து ஓவியர். கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில், சாலையோரம் வெள்ளையடித்த சுவர் எங்கே இருந்தாலும் அதில் அவர் கை பட்டிருக்கும். உரம், வேட்டி, பல்பொடி, டூரிங் டாக்கீஸ், தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிச் சின்னமும். நூல் போட்டுக் கோடிழுத்து, பட்டை பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் எழுத்து. பிளெக்ஸ் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. நான் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் சேர்ந்தபோது, "அங்க போயி லெட்டரிங்கா கத்துக்கப்போற?" என்று அவர் கேட்டதில் கேலி பாதி, வருத்தம் பாதி.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் உதவிக்கு வந்தார். கூடவே தன்னுடைய ரசமட்டத்தையும் கொண்டுவந்திருந்தார். நான் அதற்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். படத்தின் நடு மையம் தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்க வேண்டும் என்பது கூடங்களில் பொதுவாகப் பின்பற்றுகிற அளவு. நின்று பார்ப்பவர் கண் மட்டம் அது என்று கணக்கு. 36 அங்குல உயரப் படம் என்றால் அதில் பாதி 18. பின்னால் கட்டிய கம்பி ஆணியில் தொங்கும்போது சட்டத்தின் மேல் விளிம்புக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். 3 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 57-உடன் 18-ஐக் கூட்டி 3-ஐக் கழித்தால் 72. அங்கே ஆணி. 23 படைப்பில் தரையில் நிற்பவை இரண்டு போக, மீதி 21-க்கும் இந்தக் கணக்கைப் போட்டு ஒரு நோட்டில் எழுதியிருந்தேன்.

அப்பா நோட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. யாருடைய கண் மட்டம் என்று மட்டும் கேட்டார். எனக்கு உயரம் ஐந்தடி ஒன்று. மறுநாள் மதியம் மாநகராட்சிப் பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேர் வருவதாக ஏற்பாடு. 57 என்பதை 54 ஆக்கினோம். 21 கணக்கையும் திரும்பப் போட்டேன்.

அதற்கப்புறம்தான் சண்டை. சன்போர்டில் ஒட்டிய விவரச் சீட்டுகளை நான் அச்சடித்து வைத்திருந்தேன். தமிழில் மேலே, ஆங்கிலத்தில் கீழே, 14 புள்ளி அளவு. தமிழைச் சேர்த்ததே எனக்குப் பெருமை. சென்னையில் நான் பார்த்த கண்காட்சிகளில் பெரும்பாலானவை தமிழை வாசலோடு நிறுத்திவிடுபவை. அப்பா சீட்டைப் பார்த்தார். பிறகு பின்னாலேயே நடந்து எதிர்ச் சுவரில் முதுகு முட்டும்வரை போய் நின்றார்.

"ஒண்ணும் தெரியலயேம்மா."

"அப்பா, இது பஸ்ஸுல போறவங்களுக்கு இல்ல. கிட்ட வந்து படிப்பாங்க."

"கிட்ட வரணும்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

கோபம் வந்தது. ஆளைக் கிட்ட இழுப்பது ஓவியத்தின் வேலை, எழுத்தின் வேலை இல்லை என்று கத்தினேன். அப்படியென்றால் எழுத்தே வேண்டாமே, எதற்கு ஒட்டுகிறாய் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சாயங்காலம் அவரே போய் மெல்லிய பிளைவுட்டைச் சின்னச் சின்னதாக அறுத்து வாங்கிவந்தார். ராத்திரி கூடத்தின் தரையில் உட்கார்ந்து, போஸ்டர் கலரில் ஒவ்வொரு படைப்பின் தலைப்பையும் தமிழில் எழுதினார். எழுத்து இரண்டு விரல் உயரம். ஆங்கிலமும் மற்ற விவரமும் அச்சுச் சீட்டில் இருக்கட்டும் என்று இருவரும் இறங்கிவந்தோம்.

எழுதும்போது அவர் கேட்ட கேள்விகளை நான் மறக்கவில்லை. 23-இல் ஐந்து படைப்புகளுக்கு 'அன்டைட்டில்டு'. நான் 'தலைப்பில்லை' என்று மொழிபெயர்த்திருந்தேன். "பேரு வைக்க நேரமில்லயா?" என்றார். கலைஞர்கள் வேண்டுமென்றே அப்படி விடுவார்கள், பார்ப்பவர் தன் இஷ்டத்துக்கு யோசிக்கலாம் என்று விளக்கினேன். தலையாட்டிக்கொண்டே எழுதினார். ஆனால் ஆங்கிலத்தில் பல காலமாகப் பார்த்துப் பழகிய அந்தச் சொல் தமிழில் பெரிய எழுத்தில் நிற்கும்போது, வீட்டு எண் இல்லாத கதவு மாதிரித்தான் இருந்தது. பத்து நாளில் குறைந்தது ஆறு பேர் என்னிடம் வந்து, அந்தப் படத்துக்குத் தலைப்பு எழுத விட்டுப்போயிருக்கிறது என்று அக்கறையோடு சொன்னார்கள்.

அடுத்தது 'மிக்ஸட் மீடியா'. 'கலப்பு ஊடகம்' என்று போட்டிருந்தேன். பேப்பரும் டிவியும் கலந்ததா என்று கேட்டார். அந்தப் படைப்பைச் செய்த நண்பரைப் போனில் பிடித்து, அதில் நிஜமாக என்னதான் இருக்கிறது என்று கேட்டோம். டீ டிகாக்‌ஷன், எம்-சீல், பழைய ரேஷன் கார்டு, மைதாப் பசை. அந்தப் பலகையில் தலைப்புக்குக் கீழே அதையும் அப்படியே எழுதினார் அப்பா. கண்காட்சி முழுக்க ஜனங்கள் அதிக நேரம் நின்றது அந்தப் படைப்பின் முன்னால்தான். டிகாக்‌ஷன் எங்கே, ரேஷன் கார்டு எங்கே என்று தேடினார்கள். தேடுகிற கண் படத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. அன்றிலிருந்து நான் 'கலப்பு ஊடகம்' என்ற சொல்லை எங்கேயும் எழுதுவதில்லை.

வாசலில் மாட்ட நான் எழுதியிருந்த அறிமுகக் குறிப்பையும் அவர் படித்தார். அதில் ஒரு வரி: 'இப்படைப்புகள் இடம்சார் நினைவின் அரசியலை விசாரணைக்குட்படுத்துகின்றன.' யாரைப் போலீஸ் விசாரிக்கிறது என்று கேட்டார். அந்தக் குறிப்பை நான்கு பத்தியிலிருந்து நான்கு வரியாக்கினேன். அந்த நான்கில் இரண்டு இன்றைக்கும் எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லாம் அப்பா சொன்னபடியே நல்லதாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கலைஞர்களில் ஒருவர் கையளவுத் தாளில் பென்சிலால் மூச்சு மாதிரி மெல்லிய கோடுகள் வரைபவர். நான்கு படங்கள் கொடுத்திருந்தார். காலையில் வந்து பலகைகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. இந்த எழுத்துக்குப் பக்கத்தில் என் கோடு செத்துப்போகும் என்றார். எட்டிப் போய் நின்று பார்த்தேன். உண்மைதான். எதிர்ச் சுவரிலிருந்து அந்தப் பக்கம் தலைப்பு மட்டும்தான் தெரிந்தது. படம் வெள்ளைத் தாளாக இருந்தது. நான்கு பலகையையும் கழற்றினேன். "அந்தப் பொண்ணுக்கு நம்ம எழுத்து ஒத்துக்கல" என்று அப்பா முறைத்துக்கொண்டார். மத்தியானம் பார்த்தால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதே பென்சில் படங்களில் ஒன்றின் முன்னால் கால்மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார்.

பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். ஒரு படைப்பின் தலைப்பு 'யானை போன வழி'. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தும் அப்பா கை மாறவில்லை. அவர் எழுதுவது முன்னால் துதிக்கை வளைந்து நிற்கும் பழைய 'னை'தான். இங்கே தட்டச்சு செய்து காட்ட வழியில்லை. பிள்ளைகள் 'யா' வரை படித்துவிட்டு நின்றார்கள். அப்புறம் ஒரு பெண், "அது எழுத்து இல்லடீ, யானையே வரைஞ்சிருக்காங்க" என்று தோழிக்கு விளக்கினாள். படத்தில் யானை கிடையாது, காலடிக் குழிகளில் தேங்கிய தண்ணீர் மட்டும்தான். அதனால் அவர்கள் பலகையில் ஒரு யானையைப் பார்த்துவிட்டு, படத்தில் அது போன தடத்தைப் பார்த்தார்கள். எந்தத் தொகுப்பாளரும் திட்டமிட்டுச் செய்ய முடியாத காரியம்.

என் சொந்த அச்சுப் படத்துக்கு வந்ததும் ஒரு பையன் ரொம்ப நேரம் யோசித்தான். எட்சிங்கில் தாளின் அடியில் பென்சிலால் எண் போடுவோம். 3/10 என்றால் மொத்தம் எடுத்த பத்து அச்சுகளில் இது மூன்றாவது. அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "பத்துக்கு மூணுதான் போட்டாங்களாக்கா?" என்றான்.

கொச்சிக்கு நான் இதற்கு முன்பே மூன்று முறை போயிருந்தேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அங்கே நடக்கும் பெரிய கலைக் கண்காட்சி கொச்சி-முசிறி பினாலே. 2012 டிசம்பர் 12-இல் தொடங்கிய முதல் பினாலேயைத் தவறவிட்டேன். 2014, 2016, 2018 மூன்றுக்கும் ரயிலேறினேன். எர்ணாகுளத்தில் இறங்கி, படகில் கோட்டைக் கொச்சி போய், ஆஸ்பின்வால் ஹவுஸில் தொடங்கி ஒவ்வொரு கிடங்காக நடப்பது. அப்போதெல்லாம் படைப்பை மட்டும்தான் பார்த்தேன். 2019-க்குப் பிறகு அந்த மூன்று பயணங்களையும் மனதுக்குள் திரும்ப நடந்து பார்த்தபோது, வேறு விஷயங்கள் கண்ணில் பட்டன.

2014-இல் பெப்பர் ஹவுஸில் பெனிதா பெர்சியாலின் சிற்பங்கள். திருவண்ணாமலையில் பிறந்து சென்னையில் படித்தவர். கிறிஸ்தவத் திருவுருவங்களைச் சாம்பிராணி, வெள்ளைப்போளம், பட்டை, கிராம்பு என்று வாசனைப் பொருள்களைக் குழைத்துச் செய்திருந்தார். படியேறும்போதே மணம் வந்துவிட்டது. மிளகு வைத்திருந்த கிடங்கின் பழைய வாசனையா, படைப்பின் வாசனையா என்று தெரியாமல் மூக்கு முன்னால் போனது, கால் பின்னால் போனது. கிட்ட வர வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று அப்பா கேட்டாரே, அதற்கு இது ஒரு பதில். அதே வருடம் ஆஸ்பின்வாலில் சிற்பி அனிஷ் கபூர் ஒரு அறையின் தரைக்குள் நீர்ச்சுழல் வைத்திருந்தார். கருத்த தண்ணீர் உறுமிக்கொண்டே உள்வாங்கிச் சுற்றியது. அங்கேயும் சீட்டைத் தேடியவர்கள் குறைவு; எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

2016-இல் சிலியின் கவிஞர் ரவுல் சுரீட்டா நீளமான ஒரு கிடங்கையே தண்ணீரால் நிரப்பியிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி நடக்க வேண்டும். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள், பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகினார்கள். கவிதை கோடிச் சுவரில். 2015-இல் துருக்கிக் கடற்கரையில் பிணமாக ஒதுங்கிய சிரிய அகதிச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அவனோடு மூழ்கிப்போன அண்ணன் காலிப்பின் படத்தை யாரும் பார்க்கவில்லை. அந்த அண்ணனுக்கான கவிதை அது. நான் அவன் தகப்பன் இல்லை, ஆனாலும் அவன் என் மகன் என்ற பொருளில் முடியும். நனைந்த காலோடு அதைப் படித்துவிட்டு, அதே தண்ணீரில் திரும்பி நடந்து வர வேண்டும். வாசல் பக்கமே அந்தக் கவிதையை ஒட்டியிருந்தால் பாதிப் பேர் படித்துவிட்டுக் கால் நனையாமல் திரும்பியிருப்பார்கள். எழுத்தை எங்கே வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

அதே பினாலேயில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன் ஒரு மரப் பெட்டி வைத்திருந்தார், நூலகங்களில் புத்தக அட்டைகள் அடுக்கியிருக்குமே, அந்த மாதிரி. இழுப்பறையை இழுத்தால் அட்டைகள். போர்க்காலத்தில் இல்லாமையை மனிதர்கள் எப்படியெல்லாம் சமாளித்தார்கள் என்ற விவரங்கள். இங்கே எழுத்து சின்னதுதான். ஆனால் இழுப்பறையை நீங்களே இழுத்தீர்கள், அதனால் குனிந்தீர்கள். பக்கத்தில் நின்ற ஒரு பையன் இழுப்பறை ஒன்றைச் சத்தமில்லாமல் மூடியது ஞாபகம் இருக்கிறது, தூங்குகிறவர் அறைக்கதவை மூடுவது மாதிரி. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும் என்ற அப்பாவின் சட்டம் இங்கே செல்லாது. இதை அவரிடம் சொன்னபோது, "பெட்டி பெருசா இருந்துச்சுல்ல?" என்றார். மடக்கிவிட்டதாக நினைத்திருந்தேன்.

கண்காட்சி முடிந்த மறுநாள் அவரை ஈஞ்சம்பாக்கம் கூட்டிப்போனேன். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கேதான். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களைப் பற்றி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கத்திலிருந்து பிறந்தவை என்பார்கள்; 1963-இல் தொடங்கியது. எழுத்து மாதிரியே இருக்கும், எந்த மொழியிலும் படிக்க முடியாது. அப்பா பணிக்கர் முன்னால் நின்று, "இது எந்த ஊரு எழுத்து?" என்றார். எந்த ஊரும் இல்லை என்றேன். நம்பவில்லை. விரலால் காற்றில் அதே வளைவுகளை எழுதிப் பார்த்தார். கடைசியில், "நூல் போடாமயே வரி நேரா வந்திருக்கு" என்றார். படிக்க முடியாத எழுத்தைப் பற்றி அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. எங்கள் கண்காட்சியில் இருந்த ஐந்து 'தலைப்பில்லை'களிடம் இவ்வளவு பொறுமை அவர் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஊருக்குப் போகும்போது பேருந்து நிலையத்தில் மடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். பில். பலகை 23, சதுர அடிக் கணக்கு, போஸ்டர் கலர் தனி, பிளைவுட் தனி. கழற்றிய நான்குக்கும் காசு போட்டிருந்தார். சிரித்துக்கொண்டே கொடுத்தேன், எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார். விற்ற படங்கள் மூன்று, பிரித்ததில் எனக்கு நஷ்டம்தான். அன்றைக்குப் பணம் சம்பாதித்த ஒரே ஆள் அவர்.

ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சிக்கு வருகிறேன். கிளம்பும்போது பதிவேட்டில் நானும் எழுதினேன். சீட்டுகள் 26 அங்குலத்தில் இருக்கின்றன, தயவுசெய்து மேலே ஏற்றுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள், தமிழிலும் போடுங்கள் என்று முக்கால் பக்கம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சங்கடப்பட்டாள். எனக்கு மேலே டார்ச் பெரியவர் எழுதியிருந்தார்: 'மிக அருமை. வாழ்த்துகள்.' நல்ல பெரிய எழுத்து. எட்டி நின்றே படிக்க முடிந்தது.